அடி விழுந்த பிறகு ஊரே ஓடி வருது... விழும் முன் பக்கத்தில் ஒரு ஆள் இல்லையே!

நவல்பட்டு முதல் ஸ்ரீரங்கம் வரை: வேலைக்குப் போன இடத்தில் நடந்த ரத்தக்களறிகள் சொல்லும் பாடம்

திருச்சி:

2021-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது. திருச்சி நவல்பட்டு போலீஸ் நிலைய சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதன் இரவு ரோந்தில் இருந்தார். ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போன கும்பல் அவர் கண்ணில் பட்டது. நிறுத்தச் சொன்னார். நிற்கவில்லை. தனது மோட்டார் சைக்கிளில் விரட்டினார்.

விரட்டல் திருச்சி மாவட்ட எல்லையைத் தாண்டியது. புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் பள்ளத்துப்பட்டி ரெயில்வே சுரங்கப்பாதை அருகே கும்பலை மடக்கிவிட்டார். உடன் கிளம்பிய போலீஸ்காரர் வழியில் பிரிந்துவிட்டார். உதவிக்கு ஆள் வரச்சொல்லி பூமிநாதன் போன் செய்தார். ஆள் வந்து சேர்ந்தபோது அவர் வெட்டுக்காயங்களுடன் பிணமாகக் கிடந்தார்.

தமிழ்நாட்டையே உலுக்கிய இந்த வழக்கில் கைதானவர்களில் சிறுவர்களும் இருந்தது மக்களை மேலும் அதிர வைத்தது. பூமிநாதன் குடும்பத்துக்கு ரூ.1 கோடி நிதியும், குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவிக்கப்பட்டது. தற்காப்புக்காக துப்பாக்கியைப் பயன்படுத்த போலீசார் தயங்கக்கூடாது என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு அறிவுறுத்தினார்.

எல்லாம் நடந்தது. ஆனால் எல்லாமே அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் நடந்தவை. அந்த ராத்திரியில் அவருக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் இன்னொரு ஆள்.

சீருடைக்காரருக்கே இந்தக் கதி

இடுப்பில் பெல்ட், தோளில் பட்டை உள்ள போலீஸ்காரருக்கே இந்த நிலை என்றால், கையில் டிக்கெட் பை மட்டும் வைத்திருக்கும் கண்டக்டருக்கு என்ன பாதுகாப்பு? ராத்திரி பெட்ரோல் பங்கில் நிற்கும் பையனுக்கு? வார்டில் தனியாக டியூட்டி பார்க்கும் நர்சுக்கு? கடையை மூடிவிட்டு வசூல் பணத்தோடு கிளம்பும் டாஸ்மாக் ஊழியருக்கு?

இது வீண் பயம் இல்லை. 2021 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடம் அருகே, இரவு கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்ட டாஸ்மாக் ஊழியர் வெட்டிக்கொல்லப்பட்டார். உடன் இருந்தவரும் காயம் அடைந்தார்.

2022 மே மாதம் சென்னையில் இருந்து விழுப்புரம் சென்ற அரசு பஸ்சில், மேல்மருவத்தூர் அருகே போதைப் பயணியிடம் டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டர் அடிபட்டு இறந்தார்.

2023 ஏப்ரல் 25-ந் தேதி தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைத் தட்டிக்கேட்ட கிராம நிர்வாக அதிகாரி லூர்து பிரான்சிஸ் பட்டப்பகலில் தனது அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிச் சாய்க்கப்பட்டார்.

2024 நவம்பர் 20-ந் தேதி தஞ்சை மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசு மேல்நிலைப்பள்ளியில், திருமணத்துக்கு மறுத்ததால் ஆத்திரம் அடைந்த வாலிபர் பள்ளிக்குள் புகுந்து இளம் ஆசிரியையைக் குத்திக்கொன்றார்.

ஊர் வேறு, வேலை வேறு, காரணம் வேறு. ஆனால் ஒரு விஷயம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆள் தனியாக மாட்டிக்கொண்ட நேரம், இல்லை என்றால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று திறந்து கிடந்த இடம். இந்த இரண்டில் ஒன்று, சில நேரம் இரண்டுமே.

ஸ்ரீரங்கத்தில் சிந்திய ரத்தம்

2023 டிசம்பர் 12-ந் தேதி ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோவிலில் நடந்ததை உள்ளூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் வைகுண்ட ஏகாதசி பகல்பத்து தொடங்க வேண்டிய நேரம். ஆந்திராவில் இருந்து வந்த அய்யப்ப பக்தர்களுக்கும் கோவில் காவலர்களுக்கும் காயத்ரி மண்டபம் அருகே வரிசையில் கைகலப்பு ஆனது. பக்தர் ஒருவர் முகத்தில் ரத்தம் வழிய நின்ற காட்சி செல்போன்களில் பரவியது. பக்தர்கள் உட்கார்ந்து போராட்டம் நடத்தினார்கள். நடை சாத்தப்பட்டு, பரிகார பூஜைக்குப் பிறகே மீண்டும் திறக்கப்பட்டது.

வரிசையில் நின்றவர்கள் உண்டியலை ஆட்டி சத்தம் எழுப்பினார்கள், கேட்கப்போன காவலரைத்தான் முதலில் தாக்கினார்கள் என்பது அறநிலையத்துறை தரப்பு விளக்கம். காவலர்கள்தான் அடித்தார்கள் என்பது பக்தர்கள் தரப்பு புகார். இரண்டு தரப்பு புகாரும் ஸ்ரீரங்கம் போலீஸ் நிலையத்துக்குப் போயின.

யார் முதலில் கை வைத்தது என்பதை விசாரணை சொல்லட்டும். ஆனால் சண்டை எங்கே பிறந்தது என்று பார்த்தால் வேறொரு கணக்கு தெரியும்.

156 ஏக்கர் கோவில். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் பக்தர்கள் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகாவில் இருந்து வழியில் இங்கே இறங்குவார்கள். ராத்திரி முழுக்க வேனில் வந்த அலுப்பு. அடுத்த ஊருக்குக் கிளம்பும் அவசரம். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை என்றால் எரிச்சல் ஏறும். காவலர் தமிழில் அதட்டுவார், பக்தர் தெலுங்கில் கேட்பார். இரண்டு பேருக்கும் வார்த்தை புரியாது, தொனி மட்டும் புரியும். அங்கேதான் கை நீளும்.

இந்த மாதிரி இடத்தில் தடி பிடித்த பத்து பேரை விட, தெலுங்கு தெரிந்த ஒருவர் அதிகம் உதவுவார். ‘இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்’ என்று மைக்கில் சொல்வது, வயதானவர்களுக்கு உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், வாய்த்தகராறு தொடங்கியதும் காவலரை விலக்கிவிட்டு பேச ஒரு மேலாளர். செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. காவலருக்கும் இது பாதுகாப்பு, பக்தருக்கும் இது பாதுகாப்பு.

டாக்டர் அறையில் கத்தி

ஆஸ்பத்திரிக் கதையும் இதேதான். 2024 நவம்பர் 13-ந் தேதி சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் டாக்டர் பாலாஜி, நோயாளி ஒருவரின் மகனால் சரமாரியாகக் கத்தியால் குத்தப்பட்டார். தாய்க்கு சரியான சிகிச்சை கிடைக்கவில்லை என்ற ஆத்திரம்தான் காரணம் என்று கூறப்பட்டது. டாக்டர் உயிர் பிழைத்தார். மாநிலம் முழுக்க டாக்டர்கள் போராட்டத்தில் குதித்தனர்.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் டாக்டர், நர்சு, ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு ஜெயில் என்று 2008-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். சட்டம் இருந்தும் 2012-ல் தூத்துக்குடியில் பெண் டாக்டர் ஒருவர் கொலையானார். 2024-ல் கிண்டியில் கத்தி பாய்ந்தது. கத்தியோடு வருபவர் சட்டப்புத்தகம் படித்துவிட்டு வருவதில்லை.

கொல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் 2024 ஆகஸ்டு 9-ந் தேதி இரவு டியூட்டியில் இருந்த பெண் டாக்டர் கொடூரமாகக் கொல்லப்பட்ட பிறகு, மத்திய சுகாதாரத்துறை ஒரு முக்கிய உத்தரவு போட்டது. ஊழியர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரித் தலைமையே போலீசில் புகார் கொடுத்து வழக்கு பதிவாகச் செய்ய வேண்டும் என்பதுதான் அது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடி வாங்கிய நர்சு தனியாகப் போய் புகார் கொடுத்தால், அடித்தவரின் ஆட்கள் அவர் வீடு தேடி வருவார்கள். ‘பாவம், சின்னப் பையன், விட்டுடுங்க சிஸ்டர்’ என்று சமாதானம் பேசுவார்கள். நிர்வாகமே புகார்தாரர் என்றால் அந்த நெருக்கடி ஊழியர் தலையில் விழாது. இது ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஏன்? பஸ்சுக்கும், பங்குக்கும், ஜவுளிக்கடைக்கும் இதே வழி பொருந்தும்.

புத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு திருச்சி மட்டும் அல்ல, சுற்றியுள்ள மாவட்டங்களில் இருந்தும் ஏழை ஜனங்கள் வருகிறார்கள். ஒரு நோயாளியோடு பத்து பேர் வார்டுக்குள் போனால் டாக்டருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் தொல்லை. அதே நேரம் ‘உங்க அப்பாவுக்கு என்ன ஆச்சு’ என்று நின்று பேச ஒருவர் கூட இல்லை என்றால் வெளியே நிற்கும் மகனுக்கு வெறி ஏறத்தான் செய்யும். கேட்டில் கட்டுப்பாடு வேண்டும். வார்டு வாசலில் பதில் சொல்ல ஆளும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் பாதி வேலைதான்.

அடி ஒன்று... சட்டம் இரண்டு

அரசு பஸ் கண்டக்டரை அடித்தால், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியதாக வழக்கு வரும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 132-வது பிரிவு. 2 ஆண்டு வரை ஜெயில். காயம் ஏற்படுத்தினால் 121-வது பிரிவில் 5 ஆண்டு வரை போகும். கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை.

அதே ரூட்டில் பின்னாலேயே வரும் தனியார் பஸ் கண்டக்டரை அதே ஆள் கன்னத்தில் அறைந்தால்? சாதாரணக் காயம் என்று 115-வது பிரிவு. ஒரு ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம். அதுவும் கோர்ட்டு அனுமதி இல்லாமல் போலீசார் நேரடியாகப் புலன் விசாரணையில் இறங்க முடியாத பிரிவு. ஆயுதம் பட்டால்தான் 118 என்று கனமான பிரிவுக்குப் போகும்.

அதனால் ‘இரண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க’ என்பதோடு பல விவகாரங்கள் ஸ்டேஷன் வாசலிலேயே முடிந்துவிடுகின்றன. பெட்ரோல் பங்கு, ஓட்டல், லாட்ஜ், ஜவுளிக்கடை, கூரியர், சாப்பாடு டெலிவரி என்று திருச்சியில் உழைக்கும் ஆயிரக்கணக்கான பேர் இந்த இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறார்கள்.

நிதி உதவியிலும் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் குடும்பத்துக்கும், கிராம நிர்வாக அதிகாரி குடும்பத்துக்கும் தலா ரூ.1 கோடி. கண்டக்டர் குடும்பத்துக்கு ரூ.10 லட்சம். தற்காலிக ஆசிரியை குடும்பத்துக்கு ரூ.5 லட்சம். எல்லோரும் பணியில் இருந்தபோதுதான் செத்தார்கள். வீட்டில் அழுத அழுகையும் ஒன்றுதான்.

தண்டனை விஷயத்தில் ஒரு நல்ல உதாரணமும் உண்டு. லூர்து பிரான்சிஸ் கொலை வழக்கில் 5 மாதத்துக்குள், 2023 செப்டம்பரிலேயே, தூத்துக்குடி கோர்ட்டு 2 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மனசு வைத்தால் வேகமாக முடிக்கலாம் என்பதற்கு இதுவே சாட்சி.

உள்ளே இருந்தே வரும் அடி

எல்லா அடியும் வெளியாளிடம் இருந்து வருவதில்லை. திருச்சியில் தனியார் டவுன் பஸ்களின் ‘டைமிங்’ தகராறு ஊருக்கே தெரிந்த கதை. முன்னால் போகிற வண்டி இரண்டு நிமிஷம் லேட்டாக எடுத்தால் பின்னால் வருகிறவருக்கு கலெக்சன் போச்சு. கலெக்சனை வைத்து பேட்டா என்றால் அது நேராக டிரைவர், கண்டக்டர் வயிற்றில் அடிக்கிறது. ஸ்டாண்டில் சட்டையைப் பிடித்துக்கொள்வது இரண்டு தொழிலாளிகள். அந்த அவசரத்தை உண்டாக்கியது நேர அட்டவணையும் பேட்டா முறையும். இரண்டு பேரையும் ஸ்டேஷனில் உட்கார வைத்து எழுதி வாங்குவதால் மட்டும் இது தீராது.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். அந்தப் பெண் வேலை இடத்தில் தொல்லைக்கு ஆளாகியிருந்தார் என்று குடும்பத்தாரும் தொழிற்சங்கத்தாரும் போராடினார்கள்.

போராட்டம் வீண் போகவில்லை. 2022 ஏப்ரலில், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கத்துக்கும் ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் ஆனது. துணி வாங்கும் எச் அண்ட் எம், கேப் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் கையெழுத்து போட்டன. தையல் வரிசையில் இருக்கும் தொழிலாளிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, கண்காணிப்பவர்களாக நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினாலே அன்றைக்கே புகார் ஆகும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. கொலை வரை போன ஒரு விஷயத்தை கெட்ட வார்த்தையிலேயே பிடித்து நிறுத்துவதுதான் இதன் வழி.

சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லை புகாரை விசாரிக்க உள்புகார் குழு இருக்க வேண்டும். 2013-ம் ஆண்டு சட்டம் இது. அதற்கும் குறைவாக ஆள் உள்ள கடைகளில், வீட்டு வேலையில் இருப்பவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவில் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது ஆளுக்கு சம்பளம் யார் கொடுப்பது?

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் கெயின்ஸ்வில் என்ற ஊர். ராத்திரி திறந்திருக்கும் கடைகளில் கொள்ளை பெருகியது. 1987-ல் அந்த நகராட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. இரவு 8 மணி முதல் அதிகாலை 4 மணி வரை கடையில் 2 ஊழியர் இருக்க வேண்டும் என்றது. கடை முதலாளிகள் கோர்ட்டு வரை போனார்கள். சட்டம் நின்றது. கொள்ளை வெகுவாகக் குறைந்தது. அதே சமயத்தில் போலீசார் கொள்ளையர்களைப் பிடித்ததும் ஒரு காரணம் என்று சொல்வோர் உண்டு. ஆனாலும் தனியாள், ராத்திரி நேரம், கையில் பணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆபத்து என்பதை அமெரிக்க தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு அமைப்பும் 1996-ல் எழுதி வைத்தது.

தமிழ்நாட்டில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-ல் அரசு அனுமதி தந்தது. ராத்திரி வியாபாரம் வந்தால் ராத்திரிப் பாதுகாப்பும் வர வேண்டும். இன்னொரு ஆளுக்கு சம்பளம் என்றால் முதலாளி யோசிப்பார். ஒரு ஆள் அடிபட்டு ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று அலைந்தால் ஆகும் செலவை யாரும் கணக்கு போடுவதில்லை. அந்தச் செலவில் பெரும்பங்கு தொழிலாளி தலையில் விழுவதுதான் அதற்குக் காரணம்.

அடி விழுந்துவிட்டால்...

அந்த நேரத்தில் வீரம் காட்டக்கூடாது. விலகி, கதவைச் சாத்தி, 112 அல்லது 100-க்கு போன் போட வேண்டும். தமிழ்நாடு போலீசின் ‘காவல் உதவி’ செயலியில் சிவப்பு பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடமும் போலீசுக்குத் தெரிந்துவிடும்.

காயம் சின்னதாக இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, விபத்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். ‘கீழே விழுந்துட்டேன்’ என்று சொல்லிவிட்டால் பின்னாடி எந்த வழக்கும் நிற்காது. எங்கே, எத்தனை மணிக்கு, வேலையில் இருந்தபோது அடித்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

சி.சி.டி.வி. பதிவு சில நாளில் அழிந்துவிடும். பதிவை எடுத்து வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் அன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் ரசீது வாங்காமல் வரக்கூடாது. முதல் தகவல் அறிக்கை போட்டால் நகல் இலவசம். புகாரை வாங்க மறுத்தால் நகர எல்லையில் போலீஸ் கமிஷனருக்கும், வெளியே என்றால் மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்கும் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு இருக்கிறது.

இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், வேலை காரணமாக அடிபட்டால் நிர்வாகம் விபத்து அறிக்கை அனுப்பியதா என்று பார்க்க வேண்டும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்க வழி உண்டு. தகராறு வேலையால் வந்ததா, சொந்தப் பகையா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதனால்தான் முதல் நாள் எழுதிய எழுத்து முக்கியம்.

ஆட்டோ டிரைவர்களுக்கும் ஒரு செய்தி. வண்டியைத் திருட வந்தவர்கள் டிரைவரைக் கொன்ற வழக்கில், அதுவும் விபத்துதான், இன்சூரன்ஸ் இழப்பீடு தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2000-ம் ஆண்டிலேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ‘கொலைக்கு இன்சூரன்ஸ் கிடையாது’ என்று யாராவது திருப்பி அனுப்பினால் நம்பிவிடக்கூடாது.

முதல் திட்டிலேயே...

எந்த அடியும் திடீரென்று வருவதில்லை. அதற்கு முன் ஒரு திட்டு, ஒரு மிரட்டல், ‘வெளிய வா பாத்துக்கறேன்’ என்ற ஒரு வார்த்தை இருக்கும். ‘இதெல்லாம் இந்த வேலையில சகஜம்’ என்று விட்டுவிடுகிறோம். கண்டக்டரும் விடுகிறார், நர்சும் விடுகிறார், நிர்வாகமும் கண்டுகொள்வதில்லை. அந்த முதல் வார்த்தையை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, அன்றே மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்குவது பைசா செலவில்லாத பாதுகாப்பு. அடுத்த முறை அதே ஆள் வரும்போது, அந்த இடத்தில் இரண்டு பேர் நிற்க வேண்டும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கடைசி டிரிப்பு எடுக்கும் கண்டக்டர், ஸ்ரீரங்கத்தில் நடை சாத்தும் வரை நிற்கும் காவலர், புத்தூரில் விடிய விடிய வார்டு பார்க்கும் நர்சு என்று ஒவ்வொருவர் வீட்டிலும் சோற்றை மூடி வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார். செத்த பிறகு வரும் காசோலையை அந்த வீடு கேட்கவில்லை. ஆள் திரும்பி வந்தால் போதும் என்றுதான் கேட்கிறது.